பீங்கானின் வயதைச் சொல்லும் நீலம்

பழஞ்சீனப் பீங்கானின் அடியில் நீல நிறத்தில் எழுதப்பட்டிருக்கும் ஆறு எழுத்துகள், அரசமரபையும் ஆண்ட பேரரசரின் ஆட்சிப்பெயரையும் குறிப்பதால் ஆட்சி முத்திரை எனப்படுகின்றன. ஆயினும் அதை மட்டும் நம்பிக் காலம் கணிப்பது பெரும்பிழையில் முடியும். மிங் மரபுப் பேரரசர் செங்ஹுவாவின் (1465–1487) முத்திரையை, முன்னோர் கலைக்குச் செலுத்தும் மரியாதையாக, இரு நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய கலைஞர்களும் தயங்காமல் எழுதினர். பீங்கான் நகரமான ஜிங்டெஜென்னின் அதிகாரி ஒருவர், 1677இல், ஆளும் பேரரசர் காங்ஸியின் பெயரைக் கலங்களில் எழுதத் தடைவிதித்ததால், அக்காலக் கலங்கள் பலவற்றில் ஓர் இலையோ வெறும் இரட்டை வட்டமோதான் காணப்படுகிறது.

முத்திரையைவிட நம்பத்தக்க சாட்சி நீலமே. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட, இரும்பு மிகுந்த கோபால்ட் என்னும் நீலச்சாயம், சூளையில் வெந்தபோது, கோடு தடித்த இடங்களில் கருந்திட்டுகளாகத் திரண்டு, கண்ணாடி போன்ற மேற்பூச்சுக்குள் ஆழப் பதிந்தது. 18ஆம் நூற்றாண்டில் இவ்வழகைப் போலச் செய்தவர்கள் தூரிகை நுனியால் புள்ளி வைத்தே அத்திட்டுகளை உண்டாக்கினர் என்பதால், உருப்பெருக்கியின் கீழ் அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் கைவைத்த ஒழுங்கோடு தனித்துத் தெரிகின்றன.