தினம் ஒரு கிரிவலம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வந்திருக்கும் நேயர்களுக்கு அந்தக் காட்சியை நாம் வர்ணிக்க வேண்டிய அவசியமில்லை. நாலா திசைகளிலிருந்தும் பஸ்கள் வந்த வண்ணமாயிருக்கின்றன. லட்சக்கணக்கான ஜனங்கள், இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரையில் எட்டு லிங்கங்களையும் தரிசித்துக்கொண்டு, சுமார் 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். ஆபீஸில் முதல் மாடிக்குப் போக லிஃப்டைத் தேடுகிற மனிதர் அன்றிரவு நான்கு மணி நேரம் நடந்துவிடுகிறார். பொழுது விடிந்ததும் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு ஊர் திரும்புகிறார். பிறகு அடுத்த பௌர்ணமி வரையில் அந்தக் கால்களுக்குப் பூரண ஓய்வு!

பக்தியைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. அது அவரவர் மனத்தைப் பொறுத்தது. தேக ஆரோக்கியத்தைப் பற்றி மட்டும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குப் போடுவது உபாத்தியாயர்களை விட்டு நீங்காத பழக்கம் அல்லவா? தினம் அரை மணி நேரம் சற்று விறுவிறுப்பாக நடந்தால் 2 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு பௌர்ணமிக்கும் மறு பௌர்ணமிக்கும் இடையே ஏறக்குறைய 29 நாட்கள். ஆகவே மொத்தம் 58 கிலோமீட்டர். வீட்டுத் தெருவை விட்டு வெகுதூரம் போகாமலே நான்கு கிரிவலம் முடிந்துவிடுகிறது! வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரையில் மிதமாகவாவது உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் யோசனை கூறியது. தினம் அரை மணி என்றால் வாரத்துக்கு 210 நிமிஷம். கணக்கு சரியாகவே இருக்கிறது.

இந்தக் கணக்கு இன்று ஏன் அவசியமாகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தே உத்தியோகம், உட்கார்ந்தே பிரயாணம், உட்கார்ந்தே பொழுதுபோக்கு என்று நாம் வாழப் பழகியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

நம் முன்னோர் வேறு விதமாகப் பழகியிருந்தார்கள். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்டார். சுமார் 150 மைல் நடந்து, அதே மாதம் 28-ந் தேதி தொண்டர்களுடன் வேதாரண்யம் சேர்ந்தார். சித்திரை வெயிலில் நாளொன்றுக்குப் பத்து மைல். அதாவது ஒரு கிரிவலத்துக்குச் சற்று அதிகம். ராஜாஜி மல்லர் அல்லர். மெலிந்த தேகமுடையவர், ஐம்பது வயதைக் கடந்தவர்.

திருவண்ணாமலையிலேயே இன்னொரு திருஷ்டாந்தம் இருக்கிறது. ரமண மகரிஷி 1896-ல், தமது 16-வது வயதில் இங்கே வந்தார். 1950-ல் மறையும் வரையில் இவ்வூரை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் முழங்காலில் வாத நோய் கண்டபோதும், கைத்தடியை ஊன்றிக்கொண்டு குறித்த நேரத்தில் மலைப்பக்கம் உலாவி வருவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். நிறைமாத கர்ப்பிணியான ஓர் அரசி நடப்பதுபோல் மலையை மெல்ல வலம் வர வேண்டும் என்பது இவ்வூர்ப் பெரியோர் வாக்கு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகச் சுற்றுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மகரிஷியின் ‘உள்ளது நாற்பது’ நூலை அவரிடமே பாடங்கேட்ட புதுக்கோட்டை லக்ஷ்மண சர்மா, இயற்கை வைத்தியத்தை நாட்டில் பரப்பியவர்களில் முக்கியமானவர். காந்தியடிகளும் 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மண், நீர், ஆகாயம், சூரியன், காற்று ஆகிய ஐந்தையும் வைத்தியர்களாகவே பாவித்தார். பஞ்ச பூதத் தலங்களில் அக்கினித் தலமாகிய திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இந்த ஐவரும் புதியவர்கள் அல்லர். வீட்டிலேயே தினம் இவர்களை வரவேற்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சூரியன். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, அல்லது வாசலில் நின்று, காலை வெளிச்சத்தைக் கண்ணில் படவிட்டால் இரவில் உரிய நேரத்தில் தூக்கம் வரும். எலும்புக்கு வேண்டிய ‘டி’ வைட்டமினை மட்டும் இளவெயில் அதிகம் தருவதில்லை. நண்பகலை ஒட்டிய வெயிலில்தான் தோல் அதை நன்றாக உண்டாக்குகிறது. ஆகவே சிறிது நேரம் அந்த வெயிலுக்கும் அஞ்ச வேண்டாம். குழந்தைகளுக்கு வெளிச்சம் இன்னும் அவசியம். சீன தேசத்தின் குவாங்சௌ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிஷம் அதிகமாக வெளியில் வகுப்பு நடத்தினார்கள். மூன்று வருஷத்தில் அவர்களிடையே கிட்டப்பார்வை 30 சதவிகிதத்தினருக்கு வந்தது. வழக்கம்போல் படித்த மற்றப் பிள்ளைகளிடையே 39 சதவிகிதத்துக்கு மேல். இது 2015-ல் வெளியான முடிவு. மாலையில் விளையாடும் பிள்ளையை டியூஷனுக்கு இழுத்துச் செல்லும் பெற்றோர்கள் கவனிப்பார்களாக!

காற்றும் நீரும் செலவில்லாதவை. வேப்பமர நிழலிலோ ஏரிக்கரையிலோ நடை. மாடியில் நான்கு தொட்டியில் துளசியும் கீரையும் வைத்து அவற்றுக்குத் தினம் நீர் வார்ப்பது. ஆகாயம் என்பது வெற்றிடம். இரவுப் பலகாரத்தைச் சற்று முன்னதாக முடித்து வயிற்றுக்குக் கொஞ்சம் வெற்றிடம் தரலாம். மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடக்கலாகாது.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெறுங்காலால் நடப்பது நல்லதுதான். ஆனால் நீரிழிவுக்காரர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கல் குத்தியதும் தெரியாது, வெந்ததும் தெரியாது. சிறு புண் விரலையே வாங்கிவிடக்கூடும். அப்படிப்பட்டவர்கள் கிரிவலப் பாதையிலும் தக்க காலணியுடன் நடக்கட்டும். அருணாசலேசுவரர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘எங்கள் ஊரில் மலை இல்லையே’ என்று சிலர் சொல்லலாம். இந்த மலையே ஒரு காலத்தில் மரமற்ற மொட்டைப் பாறையாகத்தான் நின்றது. விறகு வெட்டும், மேய்ச்சலும், கோடைத் தீயும் அதை அப்படி ஆக்கியிருந்தன. 1980-களின் பிற்பகுதி முதல் தொண்டர்கள் நாற்று வளர்த்து, குழி தோண்டி, கன்று நட்டார்கள். பின்னர் ‘ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளையினர் தீத்தடுப்புப் பாதைகளையும் வருஷந்தோறும் சீர் செய்து வந்தனர். ஒரு பௌர்ணமி இரவில் யாரும் காட்டை உண்டாக்கிவிடவில்லை. ஒவ்வொரு கன்றாக, ஒவ்வொரு நாளாக, பாறைச் சரிவுகளில் மறுபடி பச்சை படர்ந்தது.

பட்டுப்போன மலையே அப்படித் தளிர்க்குமானால், பழக்கம் விட்டுப்போன தேகம் தளிர்க்காதா? பௌர்ணமிக்கு அவசியம் வாருங்கள். வருவதற்கு முன் நாளைக் காலையில் அரை மணி நேரம் உங்கள் தெருவிலேயே நடந்து பாருங்கள். குழந்தைகளையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.