முதல் பர்த்டே... எட்டு வயசுல!

ஒரு குட்டிக் கணக்கு பாஸ். 1896-ம் வருஷம் பிப்ரவரி 29-ம் தேதி ஒரு குழந்தை பிறக்குது. அந்தக் குழந்தைக்கு முதல் பர்த்டே எப்போ? 'நாலு வருஷம் கழிச்சு, 1900-ல்' என்று பட்டென்று சொன்னவங்க எல்லாம் அப்படியே பெஞ்ச் மேல ஏறுங்க. சரியான விடை... 1904! ஏன்னா, 1900-ல் பிப்ரவரி 29 என்று ஒரு நாளே கிடையாது. ஏன் கிடையாதுங்கிற மேட்டருக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்தக் குழந்தை யாருன்னு சொல்லிடறேன். குஜராத் பதேலி கிராமத்தில் பிறந்த மொரார்ஜி தேசாய்.

1977 மார்ச் 24-ம் தேதி அவர் இந்தியாவின் பிரதமராகப் பதவியேற்றபோது வயசு 81. ஆனா, காலண்டர்ல வந்த நிஜ பிறந்தநாட்களை மட்டும் எண்ணினா வெறும் 19. நம்ம செகண்ட் இயர் பசங்க வயசு! 99 வயசு வரை வாழ்ந்து 1995-ல் காலமானார். அப்பவும் கணக்கு 23-ஐத் தாண்டவில்லை. பிறந்தநாள் அன்னிக்கு ஹாஸ்டல்ல உங்களுக்கு 'பம்ப்ஸ்' கிடைக்கும். மொரார்ஜிக்கு என்ன கிடைச்சது தெரியுமா? 1968-ல் நிதியமைச்சரா இருந்தபோது, பிறந்தநாளும் அதுவுமா நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசிக்கிற வேலை! அந்தக் காலத்தில் பிப்ரவரியின் கடைசி வேலை நாளில்தான் பட்ஜெட் போடுவாங்க. லீப் வருஷத்தில் அது பெரும்பாலும் 29-ல் வந்து நிற்கும். 2017-லிருந்து பட்ஜெட்டை பிப்ரவரி 1-க்கு மாற்றிவிட்டதால், 2016-ல் அருண் ஜெட்லி வாசித்ததோடு அந்தக் கதை முடிஞ்சுபோச்சு.

இப்போ விஷயம் சூடுபிடிக்கிறது. மொரார்ஜி எட்டு வருஷம் காத்திருந்து முதல் பிறந்தநாளைப் பார்த்த அதே 1904 பிப்ரவரி 29... அன்னிக்கு நம்ம மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ருக்மிணி தேவி!

'சதிர்' என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஆட்டத்தை, 'நல்ல வீட்டுப் பொண்ணுங்க ஆடலாமா?' என்ற காலத்தில் கற்றுக்கொண்டு, 1935-ல் மேடையேறியவர். அடுத்த வருஷமே கலாக்ஷேத்ராவை ஆரம்பித்தார். இன்னிக்கும் திருவான்மியூர் பக்கம் போனா மரங்களுக்கு நடுவே சலங்கைச் சத்தம் கேட்கும். அவருடைய பரதநாட்டியப் பாணி சரியா, பரம்பரையா ஆடிவந்தவங்களுக்கு அதனால என்ன ஆச்சுங்கிற விவாதம் இன்னிக்கும் சூடா நடக்குது. நடக்கட்டும், அது நடக்க வேண்டிய விவாதம்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொரு ருக்மிணி தேவியும் உண்டு. 1952-ல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினராகப் போனவர், நாட்டியத்துக்கு மானியம் கேட்டுட்டு சும்மா உட்காரவில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்க தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 'அரசாங்கமே இதுக்கு சட்டம் கொண்டுவரும்' என்று நேரு உறுதி கொடுத்த பிறகு அதை வாபஸ் வாங்கினார். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. தெருநாய் பிரச்னையோ ஜல்லிக்கட்டு வழக்கோ, எதைப் பேசினாலும் கடைசியில் எல்லாரும் தூக்கிக் காட்டுவது இந்தச் சட்டத்தைத்தான். அதுக்கு விதை போட்டது ஒரு டான்ஸர்!

இந்த ரெண்டு பிப்ரவரி 29-களும் சந்தித்தது 1977-ல். ஜனாதிபதி பதவி காலி. புதுப் பிரதமர் மொரார்ஜி, 'நீங்க ஜனாதிபதி ஆகறீங்களா?' என்று ருக்மிணி தேவியிடம் கேட்டார். அவர் மறுத்துட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி ஜனாதிபதி ஆனார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு மட்டும் 'சரி' என்று சொல்லியிருந்தா? பிரதமர், ஜனாதிபதி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, அதுவும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பர்த்டே! அதைவிடப் பெரிய விஷயம், இந்தியாவுக்கு முதல் பெண் ஜனாதிபதி 30 வருஷம் முன்னாடியே கிடைச்சிருப்பார். பிரதிபா பாட்டீல் வந்தது 2007-ல்தான். எனக்கென்னவோ கேட்டவரைவிட மறுத்தவர் மேலதான் மரியாதை கூடுது. ராஷ்டிரபதி பவனை வேண்டாம்னு சொல்லிட்டு ஆலமரத்தடிக்குத் திரும்பிப்போக ஒரு தில் வேணும்ல?

11 நிமிஷம் பண்ணின கலாட்டா

சரி, 1900 மேட்டர். பூமி சூரியனை ஒரு ரவுண்ட் அடிக்க 365 நாளும் கிட்டத்தட்ட 5 மணி 49 நிமிஷமும் ஆகுது. ஜூலியஸ் சீஸர் காலத்துல 'அதெல்லாம் ரவுண்டா 6 மணி நேரம்னு வெச்சுக்குவோம்' என்று நாலு வருஷத்துக்கு ஒரு நாளைக் கூட்டினாங்க. லேப் அப்சர்வேஷன்ல நாம பண்ற அதே 'அட்ஜஸ்ட்மென்ட்'! வருஷத்துக்கு 11 நிமிஷம்தானே கூடுதல் என்று தோணும். ஆனா, 128 வருஷத்தில் அது ஒரு முழு நாள். 16-ம் நூற்றாண்டு வந்தப்போ காலண்டர் 10 நாள் தள்ளிப்போய் நின்னுச்சு.

1582-ல் போப் 13-ம் கிரிகோரி ஒரே வெட்டா வெட்டினார். அக்டோபர் 4 வியாழக்கிழமை ராத்திரி படுத்தவங்க, எழுந்தப்போ அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை! கூடவே ஒரு புது ரூல். நூறால் வகுபடும் வருஷம் லீப் கிடையாது. 400-ஆல் வகுபட்டா மட்டும் உண்டு. அதனால்தான் 1900-க்கு 29 இல்லை, 2000-க்கு உண்டு, 2100-க்கு இல்லை. இந்த மாற்றத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமா நுழையலாம்னு பார்த்த ஸ்வீடன் வழியில் குழம்பிப்போய், பழைய கணக்குக்கே திரும்பறதுக்காக 1712-ல் பிப்ரவரி 30 கொண்டாடியது தனிக் காமெடி.

நம்ம ஊர் தமிழ் மாசக் கணக்கு வேற ரூட். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்கு நகரும்போதுதான் மாசம் பிறக்கும். மார்கழிக்கு 29 நாள் வரும், ஆனிக்கு 32 நாள் வரும். தனியா ஒரு நாளைச் சொருகற வேலையே இல்லை. ஆனா, இங்கிலீஷ் காலண்டரோட சேர்த்து வெச்சுப் பார்க்கும்போது சூரியன் மகர ராசிக்குள்ள நுழையற நேரம் வருஷா வருஷம் சுமார் 6 மணி நேரம் தள்ளிக்கிட்டே போகும். பிப்ரவரி 29 வந்து அதை ஒரு இழு இழுத்து முன்னாடி கொண்டுவரும். 2024-ல் பொங்கல் ஜனவரி 15. அந்த வருஷம் ஒரு பிப்ரவரி 29 வந்தது. 2025-ல் பொங்கல் மறுபடி 14! 'ஏன்டா லீவு தேதி மாறுது?' என்று காலண்டரைப் பார்த்து முறைச்சவங்களுக்கு இதுதான் பதில்.

சிஸ்டமே ஆடிப்போச்சு!

இனி நம்ம ஏரியா. லேப்ல எக்ஸெல் இருந்தா உடனே திறங்க. ஒரு கட்டத்தில் 60 என்று அடிச்சு, அதைத் தேதியா மாத்துங்க. 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். இல்லாத நாள்! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய சாஃப்ட்வேர் 1900-ஐ லீப் வருஷமா எடுத்துக்கிட்டது. அந்த ஃபைல்கள் எல்லாம் தன்கிட்டயும் ஓடணுமேன்னு எக்ஸெல் அந்தத் தப்பையும் சேர்த்தே காப்பி அடிச்சது. இன்னிவரைக்கும் திருத்தலை, திருத்தினா உலகத்துல எத்தனையோ கோடி ஃபைல்கள்ல தேதி எல்லாம் ஒரு நாள் நகர்ந்துடும். மொரார்ஜிக்கு வானம் கொடுக்காத நாலாவது வயசு பர்த்டேயை எக்ஸெல் கொடுத்துருச்சு!

இது சிரிப்பு. 2012 பிப்ரவரி 29-ல் நடந்தது சிரிப்பு இல்லை. மைக்ரோசாஃப்டின் 'அஸ்யூர்' க்ளவுட் சர்வீஸ். அதுல ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் கிளம்பும்போது ஒரு வருஷம் செல்லுபடியாகிற ஒரு சர்ட்டிஃபிகேட்டை உருவாக்கும். முடியும் தேதியைக் கண்டுபிடிக்க அந்த புரோகிராம் செஞ்சது ஒரே வேலை. இன்றைய தேதியில் வருஷத்தோட ஒண்ணைக் கூட்டு! நாமளும் அப்படித்தானே எழுதுவோம்? விடை... 2013 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் இல்லை. சர்ட்டிஃபிகேட் உருவாகலை, மெஷின் கிளம்பலை.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் பாடப்புத்தகத்துல வரவேண்டிய மேட்டர். மூணு தடவை முயற்சி பண்ணியும் மெஷின் கிளம்பலைன்னா, 'சர்வர்ல ஏதோ ஹார்டுவேர் கோளாறு' என்று சிஸ்டம் தானாவே முடிவு பண்ணி, அங்கே இருந்த மெஷின்களை வேற சர்வருக்கு மாத்தும். புது இடத்துலயும் அதே சர்ட்டிஃபிகேட் தகராறு. அந்த சர்வருக்கும் 'கோளாறு' முத்திரை. நோயாளியைக் காப்பாத்தறேன்னு வார்டு வார்டா மாத்தி நோயைப் பரப்பின கதை! அவசரத்துல போட்ட ரிப்பேர் ஒண்ணு சில இடங்கள்ல இன்னொரு கோளாறைக் கிளப்பிவிட, முழுசா சரியாக ஒரு நாளுக்கு மேல ஆச்சு. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட க்ளவுட்ஸ்டோர் இணையதளமும் அதுல மாட்டுச்சு.

'சரி, இதோட எல்லாரும் திருந்தியிருப்பாங்க'ன்னு நினைக்கிறீங்களா? 2024 பிப்ரவரி 29. நியூசிலாந்து முழுக்க ஆள் இல்லாத பெட்ரோல் பங்க்குகள்ல கார்டு போட்டா மெஷின் பணத்தை எடுக்க மாட்டேன்னுடுச்சு. பேமென்ட் சாஃப்ட்வேருக்கு அந்தத் தேதி புரியலை. பத்து மணி நேரத்துக்கு மேல தவிப்பு. புது வருஷம் முதல்ல பிறக்கிற நாடுகள்ல அதுவும் ஒண்ணு. பிப்ரவரி 29-ம் அங்கேதான் முதல்ல போச்சு, பாவம்.

வானத்தைக் கரெக்டா கணக்குப் போட்டவர் மட்டும் யோக்கியரா என்ன? கொலம்பஸைப் பாருங்க. நாலாவது பயணத்தில் புழு அரிச்ச ரெண்டு கப்பல்களோட 1503-ல் ஜமைக்கா கரையில் ஒதுங்கினார். அந்தத் தீவின் டாய்னோ மக்கள்தான் மாசக்கணக்கா சோறு போட்டாங்க. கலகம் பண்ணின மாலுமிகள் அவங்களையே கொள்ளையடிக்க, சாப்பாடு நின்னுச்சு. கொலம்பஸ் கையில் ரெஜியோமோன்டானஸ் என்ற ஜெர்மன் கணித மேதையின் பஞ்சாங்கம் இருந்தது. 1504 பிப்ரவரி 29 ராத்திரி சந்திர கிரகணம் என்று அதுல போட்டிருந்தது. தலைவர்களைக் கூப்பிட்டு, 'எங்க கடவுளுக்குக் கோபம். இன்னிக்கு நிலா சிவக்கும் பாருங்க' என்றார். சிவந்தது. மணல் கடிகாரத்தை வெச்சு நேரம் பார்த்து, கிரகணம் விடற சமயத்தில் 'கடவுள் மன்னிச்சுட்டார்' என்று வெளியே வந்தார். சாப்பாடு மறுபடி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல இதை 'சமயோசித புத்தி' என்று சொல்லித் தந்திருப்பாங்க. நமக்கு இந்தக் கதை கிடைச்சதே கொலம்பஸோட ஆட்கள் எழுதினதுல இருந்துதான். சோறு போட்டவங்க பக்கத்துக் கதையை யாரும் எழுதி வைக்கலை.

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சலீஸ் அம்பாஸடர் ஹோட்டலில் ஆஸ்கர் விழா. 'கான் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குச் சிறந்த துணை நடிகை விருது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். ஆனா, அந்த ஹோட்டலுக்குள் கறுப்பர்களை விடறதில்லை. தயாரிப்பாளர் தனியா சொல்லி அனுமதி வாங்கித்தான் உள்ளேயே வரமுடிந்தது. சக நடிகர்களோடு சேர்ந்து உட்கார விடலை. ஓரமா, சுவரை ஒட்டி ஒரு குட்டி டேபிள். அங்கேயிருந்து எழுந்து நடந்துபோய்தான் மேடையேறினார். அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவெச்ச அந்த விருது பின்னால் காணாமலே போயிடுச்சு. 2023-ல்தான் ஆஸ்கர் அகாடமி அதுக்குப் பதிலா ஒண்ணு கொடுத்தது.

சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் இதைக் கட்டாயம் படிங்க. 1960 பிப்ரவரி 29, மொராக்கோவில் அகாதிர் நகரம். ரம்ஜான் மாசம், நள்ளிரவு நெருங்கற நேரம். சுமார் 15 விநாடி பூமி ஆடுச்சு. ரிக்டரில் ஆறைக்கூடத் தொடாத நிலநடுக்கம். ஆனா, ஆழமில்லாம நேரா ஊருக்குக் கீழேயே மையம், மேலே நிலநடுக்கத்தை நினைச்சே பார்க்காம கட்டின கட்டடங்கள். 12,000 பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஊர் ஜனத்தொகையில் சுமார் மூணுல ஒரு பங்கு. இடிஞ்ச ஊரை விட்டுத் தள்ளி, தெற்கே புது அகாதிரைக் கட்டினாங்க. அங்கே உள்ளவங்களுக்குத் திதி கொடுக்கிற தேதியே நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருது.

கொசுறு: ஃபிரான்சில் 1980-லிருந்து ஒரு நகைச்சுவைப் பத்திரிகை பிப்ரவரி 29 அன்னிக்கு மட்டும் வருது. 2024-ல் வந்தது 12-வது இதழ். நம்ம காலேஜ் மேகஸின் லேட்டுன்னு இனிமே யாரும் குறை சொல்லாதீங்க! 2008-ல் பிப்ரவரி 29 அன்னிக்கு, அரிய நாள் என்பதாலேயே, 'அரிய நோய்கள் தினம்' தொடங்கினாங்க. மத்த வருஷங்கள்ல 28-ல் வரும். அதே 2008-ன் 29-ல் பிறந்த பிரெண்டு யாராவது உங்க காலேஜ்ல இருக்காங்களா? இதுவரை நாலே நாலு பர்த்டேதான் பார்த்திருப்பாங்க. அஞ்சாவது 2028-ல், செவ்வாய்க்கிழமை. ட்ரீட் கேட்க இப்பவே துண்டு போட்டு வைங்க.