பூட்டு விழுந்த பிறகு

வண்டியூரிலிருந்து பஸ் பிடித்து அரசரடி போய், மதுரை மத்திய சிறை வாசலில் மனு கொடுத்துக் காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது. தம்பிக்கு ஆயுள் தண்டனை. "பகல்ல வேலை இருக்குக்கா. சாயங்காலம் பூட்டுனதுக்கு அப்புறம்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிருது" என்றான் ஒருமுறை. விரல் நகங்களைச் சதையோடு கடித்து வைத்திருந்தான்.

அந்த ராத்திரிகளைக் கடக்க ஏதாவது கைப்பிடி வேண்டும். அப்படி ஒன்றாகத்தான் 1975-ல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் தியான ஆசிரியர் எஸ்.என்.கோயங்கா விபாசனா தியான முகாம் நடத்தினார். 1994-ல், ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி சிறைப் பொறுப்பில் இருந்தபோது, திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். பத்து நாள் பயிற்சி. கடைசி நாள் வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது. முதலில் மூக்கருகே மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகுதான் உடம்பில் எழும் உணர்வுகள். கோபம் ஏறும்போது மூச்சு மாறுவது பழகப் பழகப் பிடிபடும். அந்த ஒரு நொடி கிடைத்தால் ஓங்கிய கை இறங்கிவிடும் என்று நான் நம்புகிறேன்.

மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது; சிலருக்கு மருத்துவரும் மாத்திரையும் வேண்டும். மாநிலத்துக்கு ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஒன்று எந்த மூலைக்குக் காணும்?

தம்பிக்குக் கைகொடுத்தது புத்தகம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் திரட்டியது. போன முறை மனு கொடுத்துப் பார்த்தபோது, படித்த கதையையே அவன் பேசிக்கொண்டிருந்தான். நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தது.