கற்கும் கரங்களும் நோயாளரின் உரிமையும்

இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலை மாதம் கண்டியில் நடைபெற்றது. அன்று போதனா வைத்தியசாலையாகவும் இன்று தேசிய வைத்தியசாலையாகவும் விளங்கும் அந்நிறுவனத்தின் சாதனையை நாடே பாராட்டியது. ஆயினும், அத்தகைய திறமை ஒரே நாளில் வாய்த்துவிடுவதில்லை. தேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் எவரும் ஒருகாலத்தில் முதன்முறையாகக் கத்தியைக் கையில் எடுத்தவரே. அந்த முதன்முறை யாருடைய உடலில் நிகழ்ந்தது என்பதை நாம் சிந்திப்பதில்லை.

1962 இல் ஆரம்பிக்கப்பட்ட பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மாணவர்கள் கண்டி, பேராதனை வைத்தியசாலைகளின் விடுதிகளிலேயே நோயையும் நோயாளரையும் கற்கின்றனர். பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. சத்திரசிகிச்சைப் பிரிவுக்குச் செல்பவர், முதலில் நிபுணருக்கு உதவியாக நின்று அவதானிக்கின்றார். பின்னர் காயத்திற்குத் தையலிடுகின்றார். சீழ்க்கட்டியைக் கீறி அகற்றுகின்றார். நிபுணராக விரும்புபவர் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் மேலும் பல ஆண்டுகள் பயில வேண்டும். குடல்வால் அகற்றல், குடலிறக்கச் சிகிச்சை எனப் படிப்படியாகவே பொறுப்பு ஒப்படைக்கப்படுகின்றது.

நூலைப் படித்து நீந்தக் கற்க முடியாதது போன்றே இதுவும். தசை எங்கு முடிகின்றது, நாளம் எங்கு மறைந்துள்ளது என்பதை விரல்களே அறிந்துகொள்ள வேண்டும். அனுபவம் மிக்கவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். சிறு துளைகளின் ஊடாகப் பித்தப்பையை அகற்றும் முறை 1990 களின் ஆரம்பத்தில் உலகெங்கும் பரவியபோது, பித்தக்குழாய்க் காயங்கள் முன்னரிலும் அதிகரித்தன. அவற்றிற் பெரும்பாலானவை அம்முறையைப் புதிதாகக் கற்றவர்களின் ஆரம்பச் சிகிச்சைகளிலேயே நேர்ந்தன. கைதேர்ந்ததும் அவை குறைந்தன.

எனவே, தவறே நேராத பயிற்சி என ஒன்றில்லை. ஆனால் தவறுகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. கை தடுமாறுவது ஒன்று. தனக்குத் தெரியாததை மறைத்து, நள்ளிரவில் நிபுணரை அழைக்கத் தயங்குவது முற்றிலும் வேறொன்று. முன்னையது பயிற்சியால் நீங்கும். பின்னையது உயிரைப் பறிக்கும். அழைத்தால் கடிந்துகொள்வார் என்ற அச்சம் இளம் வைத்தியரிடம் நிலவுமாயின், அதற்கு மூத்தவர்களும் பொறுப்பேற்க வேண்டும். நேர்ந்த இறப்புகளையும் சிக்கல்களையும் கூடி ஆராயும் கூட்டங்கள் இதற்கெனவே உள்ளன. அவை குற்றவாளியைத் தேடும் விசாரணை மன்றங்களாக மாறினால், உண்மை வெளிவராது.

எளிய ஒழுங்குகளும் உயிர் காக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்திய சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் பரீட்சிக்கப்பட்டது. நோயாளர் யார், எந்த உறுப்பு, எந்தச் சிகிச்சை என்பவற்றை உரத்துக் கூறி உறுதிப்படுத்தியதன் பின்னர், அங்கு இறப்பு வீதம் 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

இதிலே மறைந்திருக்கும் ஒரு நீதிப் பிரச்சினையை நாம் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. பணம் படைத்தவர் தனியார் வைத்தியசாலையில் தாம் விரும்பிய நிபுணரைத் தெரிவு செய்துகொள்கின்றார். பயிலும் கரங்களுக்குத் தம் உடலை ஒப்படைப்பவர்கள் இலவச வைத்தியசாலையை நாடிவரும் ஏழைகளே. மலையகத் தோட்டத் தொழிலாளியும், அக்குறணையின் சிறு வியாபாரியும் அவர்களுள் அடங்குவர். நாளை முழு நாடும் பெறப்போகும் பயனுக்கு இன்று விலை கொடுப்பவர்கள் அவர்களே. அவர்கள் செய்வது ஒருவகைத் தானம். தானம் என்பது அறிந்து கொடுப்பதாகும். அறியாமல் எடுக்கப்படுவது தானமாகாது.

ஆகையால், யார் சத்திரசிகிச்சை செய்வார், யார் மேற்பார்வை செய்வார் என்பது முன்கூட்டியே நோயாளருக்கு அவரது மொழியில் எடுத்துரைக்கப்பட வேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987 இல் அரசியலமைப்பில் இடம்பெற்றது. விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் பெறப்படும் கையொப்பம் சம்மதமாகாது. தவறு நேர்ந்தால் அதுவும் ஒளிவுமறைவின்றிக் கூறப்பட வேண்டும்.

இளம் வைத்தியரை ஐயத்துடன் நோக்குவது எமது நோக்கமன்று. அவர் இன்று கற்காவிடில் நாளை எமது பிள்ளைகளுக்குச் சிகிச்சையளிக்க எவருமிரார். அவருக்குத் தேவை பொறுமையான ஆசானும் உண்மை பேசும் துணிவுமாகும். நோயாளருக்குத் தேவை, தாம் மதிக்கப்படுகின்றோம் என்ற உறுதியாகும். இவ்விரண்டையும் ஒருங்கே வழங்குவது சுகாதார அதிகாரிகளின் கடமையாகும்.