தாய்க்குச் சேதி அனுப்பும் கரு

காலில் தைத்த முள்ளை எடுக்காமல் விட்டதுண்டா? இரண்டொரு நாளில் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்துவிடும். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு போரிடுவதன் விளைவு அது. பிறருடைய தோலை ஒட்டவைத்தாலும் நம் உடல் சில வாரங்களில் அதை உதறிவிடும்.

அப்படியானால், தாயின் வயிற்றில் வளரும் கரு ஏன் உதறப்படுவதில்லை? அதன் மரபுப் பொருளில் பாதி தந்தையுடையது அல்லவா? 1953-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியை எழுப்பியவர் பீட்டர் மெடவார் என்னும் ஆங்கிலேய அறிஞர். உறுப்பு ஒட்டு ஆராய்ச்சிக்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

விடையின் ஒரு பகுதியைப் பன்றியிடம் காணலாம். பன்றியின் கர்ப்ப காலம் சுமார் 114 நாட்கள். அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். மனித நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. பன்றியின் நஞ்சுக்கொடியோ சுவரின்மேல் ஒட்டிக்கொள்வதோடு சரி. ஆகவே, ஒட்டுவதற்கு நிறைய இடம் வேண்டும்.

பத்தாம் நாளில் கரு கோலிக்குண்டைவிடச் சிறிய உருண்டை. பதினாறாம் நாளுக்குள் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள நூலாகிவிடுகிறது! அந்த வேளையில் அது இன்டர்லூக்கின்-1 பீட்டா-2 என்ற புரதத்தைச் சுரக்கிறது. இதன் உடன்பிறப்பான புரதம்தான் நமக்குக் காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குவது! 2018-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இப்புரதத்துக்குரிய மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். கருக்கள் நூலாக நீளவில்லை.

அடுத்து, ஏறத்தாழ 12 முதல் 20-ஆம் நாள் வரை, கரு இன்டர்பெரான் காமாவைச் சுரக்கிறது. வழக்கமாக வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும்போது வெளியிடும் புரதம் இது. இதற்குரிய மரபணுவை நீக்கிப் பார்த்தபோது கருக்கள் நீண்டன. ஆனால் கர்ப்பம் நிலைக்கவில்லை. இது 2021-இல் வெளியான முடிவு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கரு தாயின் காவற்படைக்கு அஞ்சி ஒளிந்துகொள்வதில்லை. அதன் மொழியிலேயே பேசி அருகே அழைக்கிறது. அப்படி வந்து சேரும் வெள்ளணுக்கள் புதிய இரத்தக் குழாய்கள் அமையவும் துணை செய்கின்றன. போர்வீரர்களே கொத்தனார்களாக மாறுவது போன்றது இது! இந்தப் பேச்சு பிசகினால் இழப்புதான். பன்றிக் கருக்களில் கணிசமானவை முதல் மாதத்திலேயே அழிந்துவிடுகின்றன.

ஒன்று மட்டும் இந்த நஞ்சுக்கொடியைக் கடக்க முடிவதில்லை. தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களே அவை. பிறந்த குட்டி முதல் நாளிலேயே சீம்பாலைக் குடித்து அவற்றைப் பெற்றாக வேண்டும். நாள் கடந்தால் குடல் அவற்றை உட்கொள்ளாது. பசுவின் கன்றுக்கும் இதே நிலைதான். வீட்டில் பசு ஈன்றால், சீம்பாலை முதலில் யாருக்குக் கொடுக்க வேண்டும்? இனி நீங்களே சொல்வீர்கள்!