கல்லும் காரையும் – 9: கூரையைப் பார்த்தால் தரை தெரியும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் செங்கல்பட்டிலும் சரி, திருக்கழுக்குன்றத்திலும் சரி, வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "எந்த குரூப்?" பயாலஜி என்றால் டாக்டர், கம்ப்யூட்டர் என்றால் ஐ.டி., காமர்ஸ் என்றால் ஆடிட்டர். இந்தப் பட்டியலில் ஆர்க்கிடெக்ட் வருவதே இல்லை. வராவிட்டாலும், அந்த வாரத்தில்தான் பல பிள்ளைகளுக்கு அந்த வாசல் அடைபடுகிறது. ஐந்தாண்டு பி.ஆர்க். சேர பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். அதுபோக 'நாட்டா' என்ற நுழைவுத் தேர்வு வேறு. ஒரு பொருளை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கத் தெரிகிறதா, வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று ஊகிக்கத் தெரிகிறதா என்று சோதிப்பார்கள். பள்ளியில் அதற்கு முன் யாரும் கேட்டிராத கேள்விகள்.

பள்ளியில் டிராயிங் பீரியட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கணக்கு வாத்தியார் கடன் வாங்காத நாட்களில். இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் தென்னை, முன்னால் ஓட்டு வீடு. மூன்று தலைமுறையாக அதே வீடுதான். அதற்குள் எத்தனை அறை, அடுப்படி எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எங்கே வடியும் என்று எந்த டிராயிங் மாஸ்டரும் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டடக்கலை தொடங்குவதே அந்தக் கேள்விகளில்தான். முகப்புத் தோற்றம் மட்டும் போதாது. மேலிருந்து பார்க்கும் தரைப்படம் வேண்டும், குறுக்கே வெட்டிப் பார்க்கும் வெட்டுத் தோற்றமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கொத்தனாரால் கட்ட முடியும்.

இந்த மூன்றையும் கற்றுக்கொள்ள செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த இடம் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை.

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களுக்குப் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கல் யானை பக்கத்தில் ஒரு குரூப் போட்டோ, வாசலில் ஒரு ஐஸ், பஸ் கிளம்பிவிடும். அந்த யானையை இன்னும் ஐந்து நிமிடம் பார்த்திருக்கலாம். அதன் பின்புறத்தையும் அருகிலுள்ள சகாதேவ ரதத்தின் பின்புறத்தையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டும் ஒரே வளைவு. முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் அரைவட்டமாகவும் உள்ள தரைப்படத்தின் மேல் கூரை போட்டால் இந்த வடிவம்தான் வரும். இதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர்.

மற்றவையும் அப்படியே. திரௌபதி ரதத்தின் தரை சதுரம். மேலே வேய்ந்த குடிசைக் கூரை. பீம ரதம் சுமார் 42 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்ட நீள்சதுரம். அதனால் வண்டிக் கூண்டு போல நீண்டு வளைந்த கூரை. அர்ச்சுன ரதமும் தருமராஜ ரதமும் சதுரத்தில் எழும்பி, தளத்துக்குத் தளம் சுருங்கி, எட்டுப்பட்டைச் சிகரத்தில் முடிகின்றன. ஆக, கூரையை மட்டும் காட்டி, கீழே என்ன வடிவம் என்று வரையச் சொல்லலாம். வரைந்த பிறகு பிள்ளைகளே சுற்றி நடந்து, காலடியால் அளந்து சரிபார்த்துக்கொள்ளட்டும். (இவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இவை தேர்களும் இல்லை. பெயர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டவை.)

பல்லவர் இவற்றை முடிக்காமல் விட்டது படிப்பவர்களுக்கு லாபமாகப் போயிற்று. தருமராஜ ரதத்தின் மேல்தளங்களில் வேலை நுணுக்கமாக முடிந்திருக்க, அடித்தளம் அரைகுறையாக நிற்கிறது. வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்திலிருந்து மேலே போவார். பாறையைக் குடைகிறவர் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குவார், சாரம் கட்டும் வேலை மிச்சம். அங்கிருந்து சிறிது தூரத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலோ வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. குடைவதும் அடுக்குவதும் ஒரே ஊரில், ஒரே பிற்பகலில் பார்க்கக் கிடைக்கின்றன.

தனிப் பாடம் எதுவும் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அளவியல் இருக்கிறது, உருளையும் கூம்பும் இருக்கின்றன. முக்கோணவியலில் ஏற்றக்கோணத்தை வைத்து உயரம் காணச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குகளில் வரும் கோபுரத்துக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒரு கோணமானி, ஒரு நூல், நூல் நுனியில் கட்ட ஒரு கூழாங்கல் இருந்தால் தருமராஜ ரதத்தின் உயரத்தையே கண்டுபிடித்துவிடலாம். சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும் பள்ளிகள் கணக்கு ஆசிரியரையும் அந்த பஸ்ஸில் ஏற்றினாலே பாதி வேலை முடிந்தது.

கணக்குக்கும் சிற்பிக்கும் என்ன உறவு என்பவர்களுக்கு வை. கணபதி ஸ்தபதியைச் சொல்லலாம். பிள்ளையார்பட்டி ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றவர். 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்தில் தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் தலைமைப் பொறுப்பேற்று, ஏறத்தாழ கால் நூற்றாண்டு நடத்தினார். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. குறளின் 133 அதிகாரங்களுக்கு 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் அத்தனை. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து அத்தனை.

அந்தப் பயிற்சி நிலையம்தான் இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். பட்டமும், கல், மரம், உலோகம், சுதை ஆகிய சிற்பப் பிரிவுகளில் பி.எஃப்.ஏ. பட்டமும் தருகிறார்கள். இங்கும் பிளஸ் டூ முடித்த பிறகுதான் நுழைய முடியும். ஸ்தபதி வீட்டுப் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே உளி பிடித்தவர்கள்; மற்றப் பிள்ளைகளுக்கு முதல் கோடு போடவே பதினேழு வயது ஆகிவிடுகிறது. கல்லூரி இருப்பதே தெரியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதைக் கடந்துபோகும் பள்ளி பஸ்கள்தான் அதிகம்.

அடுத்த வாரம் அதே சாலையில் சென்னைப் பக்கமாக, முட்டுக்காட்டுக்கு. பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டிய செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, கேரளத்து மர வீடு என்று 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அவற்றை எப்படி ஒரு தெருவாக்கினார் என்று பார்க்கலாம். அளவு நாடா எடுத்து வாருங்கள்.