மெய்நிகர் முகவரியில் நிறுவனம் பதிவு செய்யலாமா? சட்டம் கேட்பது என்ன?

புதுடெல்லி: ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் அத்தொழிலை அரசுப் பதிவேட்டில் ஏற்றச் செல்லும்போது, "அலுவலகம் எங்கே உள்ளது?" என்ற பழைய கேள்வியே முதலில் நிற்கிறது. தலைநகரில் சிறு தொழில் தொடங்குவோர் பலர் இக்கேள்விக்கு 'மெய்நிகர் முகவரி' என்ற விடையைத் தேர்ந்தெடுக்கின்றனர். இது சட்டப்படி செல்லுமா, எந்த இடத்தில் சிக்கல் எழும் என்பதை இங்கு காண்போம்.

மெய்நிகர் முகவரி என்பது என்ன?

கன்னாட் பிளேஸ், நேரு பிளேஸ், சாகேத் போன்ற வணிகப் பகுதிகளில் அலுவலக இடம் வைத்திருக்கும் ஒரு சேவை நிறுவனம், அந்த முகவரியைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைக் கட்டணத்திற்கு வழங்குகிறது. வாடிக்கையாளர் அங்கு நாள்தோறும் அமர்ந்து வேலை செய்வதில்லை. அவர் பெயருக்கு வரும் கடிதங்களைச் சேவை நிறுவனத்தின் வரவேற்பறை ஊழியர் பெற்று அனுப்பிவைப்பார். பதிவுக்கு வேண்டிய ஒப்பந்தம், உரிமையாளரின் தடையில்லாச் சான்று, மின் கட்டண ரசீது ஆகியவையும் அச்சேவையில் அடங்கும். தனி அலுவலகத்தின் வாடகை, முன்பணம், பராமரிப்புச் செலவு ஆகியவற்றுடன் ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

டெல்லியில் தேவை ஏன்?

வாடகை மட்டுமே காரணம் அன்று. வாடகை வீட்டில் குடியிருப்பவர் அந்த முகவரியில் நிறுவனம் தொடங்க விரும்பினால், வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். குடியிருப்பை வணிகத்திற்குப் பயன்படுத்தினால் சொத்து வரி உயரும் என்ற கவலை உரிமையாளர்களுக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி இயங்கிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 2006ஆம் ஆண்டிலும், மீண்டும் 2017-18ஆம் ஆண்டுகளிலும் சீல் வைக்கப்பட்ட நிகழ்வுகளையும் அவர்கள் மறக்கவில்லை. ஆகவே ஒப்புதல் கடிதம் கேட்டவுடன் பலர் மறுத்துவிடுகின்றனர்.

இரண்டாவது காரணம் தனியுரிமை. ஒரு நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரியை கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்க முடியும். தம் வீட்டு முகவரி பொதுவெளியில் இருப்பதை, குறிப்பாக வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள், விரும்புவதில்லை.

மூன்றாவது காரணம் தமிழகத் தொழில்முனைவோரையும் தொடுவது. திருப்பூரில் பின்னலாடை தயாரிக்கும் ஒருவர், டெல்லியில் உள்ள கிடங்கில் சரக்கை வைத்து இணையச் சந்தை வழியாக விற்க விரும்புகிறார் எனக் கொள்வோம். சரக்கு எந்த மாநிலத்திலிருந்து விற்கப்படுகிறதோ அந்த மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு தேவை. தமிழ்நாட்டில் பெற்ற பதிவு டெல்லிக்குச் செல்லாது. டெல்லியில் ஆளும் அலுவலகமும் இல்லாத அவருக்கு மெய்நிகர் முகவரியே எளிய வழியாகத் தோன்றுகிறது.

நிறுவனச் சட்டம் என்ன சொல்கிறது?

'மெய்நிகர் அலுவலகம்' என்ற சொல் நிறுவனங்கள் சட்டம், 2013இல் இல்லை. அதற்குத் தடையும் இல்லை, தனி அனுமதியும் இல்லை. சட்டத்தின் 12ஆவது பிரிவு கேட்பது இதுதான்: நிறுவனம் பதிவான 30 நாள்களுக்குள்ளும் அதன் பின்னர் எக்காலத்திலும், தனக்கு வரும் கடிதங்களையும் அறிவிப்புகளையும் பெற்று ஒப்புகை அளிக்கக்கூடிய ஒரு பதிவு அலுவலகம் இருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தின் வெளியே நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரியும்படி பலகை வைக்க வேண்டும். பலகையிலுள்ள எழுத்து அப்பகுதியில் வழங்கும் மொழிகளுள் ஒன்றினுடையதாக இல்லையெனில், அங்கு வழங்கும் மொழியிலும் எழுத வேண்டும். நேரு பிளேஸில் தமிழில் மட்டும் பலகை வைத்தால் போதாது.

பதிவு அலுவலகத்திற்குச் சான்றாக உரிமை ஆவணம் அல்லது வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் அனுமதி, இரண்டு மாதங்களுக்கு மேற்படாத மின்சாரம், தொலைபேசி, எரிவாயு போன்ற ஏதேனும் ஒரு சேவையின் ரசீது ஆகியவை தேவை. இடம் வணிகக் கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இச்சட்டத்தில் இல்லை.

இந்தப் பிரிவை மீறினால் நிறுவனத்திற்கும், பொறுப்பான ஒவ்வொரு நிர்வாகிக்கும் நாளொன்றுக்கு ரூ.1,000 வீதம், அதிகபட்சமாக ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கப்படும். நிறுவனம் உண்மையில் தொழில் நடத்தவில்லை எனக் கருத நியாயமான காரணம் இருந்தால், பதிவாளர் நேரில் சோதிக்கலாம் என்ற உட்பிரிவு 2018இல் சேர்க்கப்பட்டது. அச்சோதனையின் நடைமுறை 2022 ஆகஸ்டில் வகுக்கப்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சோதனை நடைபெறும். தேவையெனில் உள்ளூர் காவல் துறையின் உதவியும் பெறப்படும். அலுவலகத்தின் புகைப்படம் எடுக்கப்படும். முகவரி பொய்யெனத் தெரிந்தால் நிறுவனத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம்.

ஜிஎஸ்டியில் கூடுதல் கண்டிப்பு

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் 'முதன்மை வணிக இடம்' என்பது முக்கியமான கருத்து. கணக்குப் புத்தகங்கள் பொதுவாக அங்குதான் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை அங்கு பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நுழைவாயில் பலகையில் ஜிஎஸ்டி எண்ணைக் குறிப்பிட வேண்டும். அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, புகைப்படங்களுடன் அறிக்கையைப் பதிவேற்ற விதி 25 இடமளிக்கிறது. அறிவித்த இடத்திலிருந்து தொழில் நடைபெறவில்லை எனில் பதிவை ரத்து செய்யலாம் என்கிறது விதி 21.

பல நிறுவனங்கள் ஒரே முகவரியில் பதிவு பெற முடியுமா என்ற கேள்வி, பகிர்வு அலுவலகம் நடத்தும் ஸ்பேஸ்லான்ஸ் ஆபீஸ் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தின் விண்ணப்பத்தில் கேரளத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையத்தின் முன் வந்தது. இடத்தை உள்வாடகைக்கு விட மூல ஒப்பந்தம் அனுமதித்தால் தனித்தனிப் பதிவு பெறலாம் என ஆணையம் தெரிவித்தது. எனினும் இத்தகைய முன்தீர்ப்பு, விண்ணப்பித்தவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். டெல்லியில் விண்ணப்பிப்பவர் இதை வாதத்திற்குத் துணையாகக் கொள்ளலாம். உரிமையாகக் கோர முடியாது.

விண்ணப்பதாரர்களுக்குச் சாதகமான ஒரு மாற்றமும் உண்டு. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2025 ஏப்ரல் 17ஆம் தேதி மத்திய ஜிஎஸ்டி அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. அதன்படி, வாடகை இடத்திற்கு வாடகை ஒப்பந்தத்துடன் உரிமையாளரின் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது போன்ற ஏதேனும் ஓர் ஆவணம் போதும். பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்கக் கூடாது. 'இந்தத் தொழிலை இந்த இடத்தில் நடத்த முடியாதே' என்பது போன்ற ஊகத்தின் அடிப்படையிலான கேள்விகளையும் எழுப்பக் கூடாது.

கண்டிப்புக்குக் காரணம்

காகிதத்தில் மட்டும் இருந்த நிறுவனங்களே இதற்குக் காரணம். 2017இல் தொடர்ந்து கணக்கு தாக்கல் செய்யாத 2 லட்சத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. 2019இல், 2017 டிசம்பர் 31 வரை பதிவான நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்தின் வெளிப்புறத்தையும், இயக்குநர் ஒருவர் உள்ளே இருப்பதையும் காட்டும் புகைப்படங்களைப் பதிவேற்ற வேண்டியிருந்தது. 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை ஜிஎஸ்டி துறை நடத்திய சிறப்பு நடவடிக்கையில், பதிவு பெற்ற 21,791 நிறுவனங்கள் குறிப்பிட்ட முகவரியில் இல்லை எனக் கண்டறியப்பட்டது. சந்தேகத்திற்குரிய வரி ஏய்ப்பு ரூ.24,010 கோடி எனக் கணக்கிடப்பட்டது. போலிப் பட்டியல்கள் மூலம் உள்ளீட்டு வரி வரவைப் பெறுவதற்காகவே இவற்றில் பல உருவாக்கப்படுகின்றன.

இதனால் நேர்மையான சிறு வணிகரும் ஐயத்தின் வளையத்திற்குள் வருகிறார். நூற்றுக்கணக்கான பதிவுகள் கொண்ட ஒரே முகவரி அதிகாரிகளின் கவனத்தை எளிதில் ஈர்க்கும். அம்முகவரியில் ஒருவர் செய்த மோசடிக்காக வரும் சோதனை, அதே தளத்தில் உள்ள மற்றவர்களின் கதவையும் தட்டக்கூடும்.

கடிதம் கைக்கு வராவிட்டால்?

மெய்நிகர் முகவரியில் உண்மையான ஆபத்து இங்குதான் உள்ளது. பதிவு அலுவலகத்திற்குப் பதிவுத் தபாலிலோ விரைவுத் தபாலிலோ அனுப்பப்பட்ட ஆவணம், நிறுவனத்திற்கே அளிக்கப்பட்டதாகச் சட்டம் கருதும். வரவேற்பறை மேசையில் கிடந்தது, ஊழியர் மாறிவிட்டார், சேவை நிறுவனம் இடத்தைக் காலி செய்துவிட்டது என்பன எளிதில் ஏற்கப்படும் காரணங்கள் அல்ல. ஜிஎஸ்டி அறிவிப்புகள் பெரும்பாலும் இணையதளத்திலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. ஆனால் பதிவின்போது முகவரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தவர்களுக்கு அதுவும் வந்து சேராது.

ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்வதற்கான விளக்கக் கேட்பு அறிவிப்புக்குப் பதிலளிக்கக் கிடைப்பது 7 வேலை நாள்கள் மட்டுமே. ரத்தான பதிவை மீட்க 90 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு முன்தேதியிட்டு ரத்தானால், அவரிடம் சரக்கு வாங்கியவர்களின் வரி வரவும் கேள்விக்குள்ளாகும். தொழில் உறவு அத்துடன் முறியக்கூடும். முன்தேதியிட்டு ரத்து செய்வதற்கு உரிய காரணம் காட்டப்பட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் வலியுறுத்தியுள்ளது. எனினும், நீதிமன்றம் வரை செல்லும் பணமும் காலமும் சிறு வணிகர் அனைவருக்கும் வாய்ப்பதில்லை.

கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

* சேவை நிறுவனம் இடத்தின் உரிமையாளரா, வாடகைதாரரா எனக் கேட்க வேண்டும். வாடகைதாரர் எனில், உள்வாடகைக்கு விடும் அனுமதி மூல ஒப்பந்தத்தில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* மின் ரசீதில் உள்ள பெயரும் முகவரியும், தடையில்லாச் சான்றில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கதவு எண், தளம், இருக்கை அல்லது அறை எண் ஆகியவை ஒப்பந்தத்தில் தனியே குறிக்கப்பட வேண்டும்.
* பெயர்ப்பலகை வைக்க இடம் தரப்படுமா, அதிகாரி வந்தால் ஆவணங்களைக் காட்டப் பொறுப்பான ஒருவர் இருப்பாரா என்பதை எழுத்தில் பெற வேண்டும்.
* கடிதம் வந்த அன்றே தகவல் தரப்படும் என்ற உறுதி வேண்டும். பதிவுக்கு முன் அம்முகவரிக்கு ஒரு விரைவுத் தபாலை அனுப்பிப் பார்ப்பது நல்ல சோதனை.
* பதிவில் தம் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மட்டுமே தர வேண்டும்.
* நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களை வேறிடத்தில் வைத்தால், இயக்குநர் குழுத் தீர்மானம் நிறைவேற்றி 7 நாள்களுக்குள் ஏஓசி-5 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஜிஎஸ்டியில், சரக்கு வைக்கும் கிடங்கைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும்.
* முகவரி மாறினால் ஜிஎஸ்டி பதிவில் 15 நாள்களுக்குள்ளும், நிறுவனப் பதிவாளரிடம் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதியை நினைவில் வைத்திருப்பது கட்டாயம்.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. சொந்த வீடோ பெற்றோரின் வீடோ இருந்தால், உரிய ஒப்புதல் கடிதத்துடன் அதையே பதிவு அலுவலகமாகக் காட்டலாம். அங்கு எத்தகைய தொழில் நடத்தலாம் என்பதை நகரத் திட்ட விதிகள் தனியே வரையறுக்கின்றன. டெல்லியில் சரக்கு மட்டும் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தையும், சேவை வழங்குவோருக்கு ரூ.20 லட்சத்தையும் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பிற மாநிலங்களுக்குச் சரக்கு விற்போருக்கு இந்த விலக்கு பொதுவாகக் கிடையாது. இணையச் சந்தை வழியாகத் தம் மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்கு, 2023 அக்டோபர் 1 முதல் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு.

பிரிட்டனிலும் இதே கேள்வி

வெறும் தபால் பெட்டி எண்ணைப் பதிவு அலுவலகமாகக் காட்டுவதை பிரிட்டன் 2024 மார்ச் 4 முதல் தடை செய்துள்ளது. அனுப்பப்படும் ஆவணம் நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவரின் கவனத்திற்கு வரக்கூடிய, பெற்றதற்கு ஒப்புகை அளிக்கக்கூடிய 'பொருத்தமான முகவரி' வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியச் சட்டத்தின் 12ஆவது பிரிவு கேட்பதும் ஏறத்தாழ இதுவே.

முகவரி மெய்நிகராக இருக்கலாம். அங்கு தொங்கும் பலகையும், கதவைத் திறக்கும் ஆளும், கடிதத்தில் இடப்படும் கையொப்பமும் மெய்யாக இருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "அதிகாரி வந்தால் கதவைத் திறப்பது யார்?" என்று கேட்பவருக்குப் பின்னாளில் வரும் சிக்கல்கள் குறையும்.